ஜெனரேட்டர் வழிச் சொந்தம்

இருதயசெல்வியின் வலது மணிக்கட்டு ஒடிந்ததற்குக் காரணம் கல்வி.

அவள் படித்த கல்வியல்ல. அவள் ஐந்தாம் வகுப்போடு நின்று, அதனால் ஒரு கெடுதலும் அடையாமல் நாற்பது வயதைத் தாண்டியவள். அவளுடைய கணவன் தொம்மைக்கு லூர்து பிரகாஷ் என்று ஓர் அண்ணன். தகப்பனார் வைத்த பெயர் லூர்துசாமிதான். வாத்தியார் பயிற்சிக்குப் போனபோது சாமி இறங்கிப் பிரகாஷ் ஏறிக்கொண்டது. முப்பது வருடத்துக்கும் மேலாகக் கணக்கு வாத்தியாராக இருந்து, கடைசியில் தலைமையாசிரியராகி, 2012ஆம் வருடக் கோடையில் அவர் ஓய்வுபெற்றார். ஊர் தனக்குப் பாராட்டு விழா எடுக்கும் என்று ஒரு வாரம் காத்திருந்து பார்த்தார். ஊருக்கு வேறு வேலை இருந்தது. ஆகவே அவரே எடுத்துக்கொண்டார்.

மேடைக்குப் பின்னால் பேனர். அதில் கோட்டுப் போட்ட லூர்து பிரகாஷ், தலைக்கு மேல் 'கல்வித் தந்தை'. கோட்டு ஸ்டுடியோக்காரருடையது. விழா தொடங்கும் நேரத்தில் பார்த்தால், கட்டிய கயிறு தளர்ந்து பேனர் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. தந்தை சாய்ந்து நிற்பது பார்வைக்கு நன்றாக இருக்காது என்று அவர் கவலைப்பட, பக்கத்தில் நின்ற செல்வி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிக் கயிற்றை இழுத்தாள். நாற்காலியின் கால் ஏற்கெனவே விரிசல் விட்டது. அவள் கையை ஊன்றி விழுந்தாள். பேனர் நேரானது, கை கோணலானது.

அந்த நேரம் ஊரில் இருந்த ஒரே ஆட்டோவின் சொந்தக்காரர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஏற்புரையின் நடுவே எழுந்து போவது மரியாதையில்லை என்று அவர் நினைத்தார். ஏற்புரையோ, தம்பி மனைவியின் தியாகத்தையும் சேர்த்துக்கொண்டு, மேலும் நீண்டது.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பைத் தகடு வைத்து முடுக்கினார்கள். பட்டை கட்டி அனுப்பினார்கள். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

செல்விக்கு அந்தக் கை எதற்கு வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பக்கத்து டவுனான திண்டிவனத்தில், மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மூட்டைகள் வந்து இறங்கும் மார்க்கெட் வாசலில், புளியமரத்துக்குக் கீழே, அவள் களிக்கடை போட்டிருந்தாள். நாலு மூங்கில், மேலே ஒரு தார்ப்பாய், ஒரு பெரிய அடுப்பு. விடியும்போதே நொய்யை வேகவிட்டு, கேப்பை மாவைக் கொட்டி, மேலே குழி பறித்து மூடிவிடுவாள். மாவு வெந்த வாசனை வந்ததும் அண்டாவைக் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு துடுப்பைப் போடுவாள். களி கிண்டுவது தோளின் வேலை என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். துடுப்பு அடியில் போய்த் திரும்புகிற இடத்தில் மணிக்கட்டு ஒரு சுழற்று சுழற்றும். அந்தச் சுழற்றில்தான் கட்டி உடையும். பிறகு நனைத்த கிண்ணத்தில் உருட்டித் தட்டில் கவிழ்த்து, நடுவில் குழித்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றினால், காலையிலிருந்து மூட்டை தூக்கியவன் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவான். மூட்டை தூக்குகிறவன் பேச்சை நிறுத்துவது சாதாரண விஷயமல்ல.

அவள் கை ஒடிந்த பிறகு தொம்மை கிண்டினான். நல்ல மனிதன். ரைஸ் மில்லில் காவலுக்கு இருந்தவன். பொறுமை அதிகம். ஆனால் களிக்குப் பொறுமை கூடாது. அவன் துடுப்பை அண்டாவுக்குள் விட்டு ஏதோ தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல் புரட்டுவான். களி கட்டிகட்டியாக வந்தது. கட்டிக்குள் பச்சை மாவு.

மூட்டைக்காரர்கள் விசுவாசிகள். ஒருவன்கூட வேறு கடைக்குப் போகவில்லை. ஆனால் வாயைக் கட்டிக்கொள்ளவும் இல்லை. அதிலும் பச்சைமுத்து.

"தொம்ம மாமா, இது இன்னா, களியா, திருவக்கர கல்மரமா? மியூசியத்துல வெச்சா டிக்கெட்டு போட்டு பாப்பாங்க."

"துன்னுடா. பல்லு இருக்குதில்ல."

"நேத்து வரைக்கும் இருந்துச்சு."

செல்வி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் மல்லாட்டைத் துவையலை வழித்து வைப்பாள். சிரிப்பாள். ஆனால் துடுப்பு அடிப்பகுதிக்குப் போகும்போதெல்லாம் அவளுடைய வலது கை மடியிலேயே ஒரு சுழற்று சுழற்றப் பார்க்கும். உடனே முகம் சுருங்கும். எலும்பு சேரவில்லை என்பதை எக்ஸ்ரேவுக்கு முன்னால் அவளுக்குச் சொன்னது அந்தத் துடுப்புதான்.

ஐப்பசியில் புதுச்சேரிக்குப் போனபோது டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சின்ன வயது, கண்ணாடி போட்டவர், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். தகடு நன்றாகத்தான் இருக்கிறது, திருகாணியும் அசையவில்லை, ஆனால் நடுவில் தெரியும் கறுப்புக் கோடு இந்நேரம் மறைந்திருக்க வேண்டும், மறையவில்லை என்றார். இன்னும் சில வாரம் பார்ப்போம். அப்போதும் சேரவில்லையென்றால் மறுபடி திறந்து, இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அங்கே வைக்க வேண்டும்.

"இடுப்புலேர்ந்தா?" என்றாள் செல்வி. "அப்ப இடுப்புக்கு எங்கேர்ந்து எடுப்பீங்க?"

டாக்டரம்மா சிரித்தார். அதற்கு முன்னால் ஒன்றை முயன்று பார்க்கலாம் என்றார். அல்ட்ராசவுண்டு. காதுக்குக் கேட்காத சத்தத்தை மெல்ல மெல்ல எலும்புக்கு அனுப்புவது. சூடு இருக்காது, அதிர்வு இருக்காது, வலி இருக்காது. சிலருக்கு எலும்பு சேர உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, உறுதி தர மாட்டேன். தினமும் ஒரு வேளை, இருபது நிமிடம், விடாமல் வைக்க வேண்டும். தினம் புதுச்சேரிக்கு வந்து போக முடியாது என்பதால் ஒரு பெட்டியைக் கையிலேயே கொடுத்துவிடுவதாகவும், எலும்பு ஒடிந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து அனுப்புவதாகவும் சொன்னார். பெட்டியில் ஒரு குறை. அதன் பேட்டரி செத்துவிட்டது. சுவரில் செருகித்தான் வைக்க வேண்டும். நடுவில் கரண்டு போனால் மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

சாம்பல் நிறத்தில், டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் வட்டமாக ஒரு தலை. வீட்டுக்கு வந்ததும் முதலில் லூர்து பிரகாஷ்தான் அதைக் கையில் வாங்கினார். ஒலி, ஒளி, அலை, அதிர்வெண் என்று தெருவே கேட்கும்படி விளக்கினார். பிறகு ஒயரின் வட்டத் தலையில் ஜெல்லைத் தடவி, சோதனைக்காகத் தம் முழங்கையில் வைத்து, கண்களை மூடிக்கொண்டார்.

"ஆங். போவுது. உள்ள அலை அலையா போவுது. எலும்பு மஜ்ஜை வரைக்கும் தெரியுது எனக்கு."

"மாமா," என்றாள் செல்வி, "இன்னும் சுச்சு போடல."

அவர் கண்ணைத் திறந்து, சில உடம்புகள் அவ்வளவு நுட்பமானவை என்றார்.

பேனாப் புள்ளி இரண்டாம் நாளே பாத்திரம் கழுவியதில் மங்கியது. எதிர்வீட்டுப் பெண் அதன்மேலேயே மருதாணி வைத்துவிட்டாள். மணிக்கட்டில் ஒற்றைச் சிவப்புப் புள்ளி. அந்த வரையில் பிரச்சினை தீர்ந்தது. பெரிய பிரச்சினை கரண்டு.

அந்த வருடம் கரண்டு என்பது விருந்தாளிபோல் வந்து போய்க்கொண்டிருந்தது. எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் உட்காராது. ஒரு மணி நேரம் இருக்கும் என்று நம்பிப் பெட்டியைச் செருகினால், ஜெல் காயும் முன் பச்சை விளக்கு அணையும். மறுபடி முதலிலிருந்து. கடைத்தெருவில் செல்போன் கடைக்காரரின் இன்வெர்ட்டரில் போட்டுப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் அதுவே தலையைத் தொங்கப்போட்டது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டரம்மா 'விடாமல்' என்று சொன்னது சாதாரணமாக. இந்தக் குடும்பம் அதைக் கேட்டுக்கொண்டது வேறு மாதிரி. வேளாங்கண்ணி மாதாவுக்கு, ஒன்பது நாள் தொடர் ஜெபமான நவநாள் வைத்துப் பழகியவர்கள். நவநாளில் ஒரு நாள் தவறினால் முன்னால் வேண்டிக்கொண்ட நாளெல்லாம் கணக்கில் வராது, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பங்குச் சாமியார் பலமுறை அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அது சாமியாரின் கருத்து. ஆகவே ஒரு நாள் பெட்டியை வைக்காமல் விட்டால் அதுவரை எலும்புக்குள் போன சத்தமெல்லாம் திரும்ப வெளியே வந்துவிடும் என்று தொம்மையும் செல்வியும் ஒரு சந்தேகமும் இல்லாமல் நம்பினார்கள்.

இதைப் புரிந்துகொண்ட ஒரே வெளியாள் வேங்கடேசன். மைக்செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுகிறவன். தினமும் காலையில் களி சாப்பிட வருவான். கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். கருவாட்டுக் குழம்பை விட்டுவிட்டு வெறும் துவையலோடு களியை விழுங்கிக்கொண்டே கேட்டான்.

"ஒரு நாள் உட்டா போச்சா அக்கா?"

"போச்சு."

"வெரதம் மாரி."

"அத்தே மாரிதான்."

"அப்ப இன்னாத்துக்கு ஊட்ல குந்திக்கினு கரண்ட பாத்துக்கினு கீற? என் வண்டி தெனம் எங்கனா போவுது. ஜெனரேட்டர் ஓடற எடத்துக்கு நீயும் வா. ஒரு பிளக்கு உனுக்கு. யார் கேக்கப்போறா?"

அன்றிலிருந்து செல்வி ஊர் ஊராகப் போக ஆரம்பித்தாள்.

சின்ன யானை என்று சொல்லும் அந்தக் குட்டி லாரியின் பின்னால் ஜெனரேட்டர் நிற்கும். குழாய் ஸ்பீக்கர்கள் கவிழ்ந்து கிடக்கும். முன்னால் வேங்கடேசன், செல்வி, அவள் மடியில் துணிப்பையில் பெட்டி. தொம்மை பின்னால் ஸ்பீக்கர்களோடு. காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கட்சிக் கூட்டம், கருமாதி, எதையும் விடவில்லை. மாலை போட்டவன் என்பதால் துக்க வீடுகளில் மட்டும் வேங்கடேசன் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக்கொள்வான். போய் இறங்கியதும் வேங்கடேசன் ஜெனரேட்டரைக் கிளப்புவான். புகை அடங்கியதும் ஒரு ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைப்பான். சாக்குப் படுதாவுக்குப் பின்னால் அவள் ஜெல்லைத் தடவி, சிவப்புப் புள்ளிமேல் தலையை வைத்துக் கட்டிக்கொண்டு, கையைத் தொடையில் வைத்துக்கொள்வாள். ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் பெட்டி போடும் சத்தம் எவருக்கும் கேட்காது. ஜெனரேட்டர் இல்லாவிட்டாலும் கேட்காது என்பது வேறு விஷயம்.

பனமலைப் பக்கம் ஒரு கல்யாணத்தில், பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் படுதாவை விலக்கிப் பார்த்துவிட்டார்.

"நீங்க பொண்ணூட்டு பக்கமா, மாப்ளூட்டு பக்கமா?"

"ஜெனரேட்டரூட்டு பக்கங்க," என்றாள் செல்வி.

அம்மாள் போய் யாரிடமோ சொல்ல, கொஞ்ச நேரத்தில் ஓர் இலைநறுக்கில் லட்டும் வடையும் வந்தன. கையில் என்ன என்று கேட்டார்கள். எலும்பு சேரவில்லை, வைத்தியம் நடக்கிறது என்றாள். கல்யாண வீட்டுப் பெண்களுக்குத் தாலி கட்டுவதைவிட இது சுவாரசியமாக இருந்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டு எலும்புகளைப் பற்றிச் சொன்னார்கள். வீடியோக்காரர் வந்து அவளையும் பெட்டியையும் ஜெனரேட்டரையும் படம் எடுத்துப் போனார். அந்தத் தம்பதியின் கல்யாணக் கேசட்டில் முகூர்த்தத்துக்கு அடுத்ததாக இருதயசெல்வியின் மணிக்கட்டு வரும் என்று கேள்வி.

இப்படிப் போனதில் அவள் இளைத்த உடம்பு தேறியது. தொம்மைக்கும் கன்னம் வைத்தது. பிரியாணி, பொங்கல், கருமாதிச் சோறு என்று மாறிமாறிச் சாப்பிட்டு, கடைக் களியின் கட்டியை அவன் மறந்தான். மூட்டைக்காரர்களால் மறக்க முடியவில்லை. அக்கா எந்த ஊர்க் கல்யாணத்தில் என்ன சாப்பிட்டது என்பதைக் காலையில் கேட்டுக்கொண்டே கட்டியைக் கடிப்பார்கள். தன் ஜென்மத்திலேயே இத்தனை விசேஷத்துக்கு அழைப்பு வந்ததில்லை என்பான் பச்சைமுத்து. எங்களுக்கும் ஒன்றும் வரவில்லை என்பாள் செல்வி.

ஒரு கட்சிக் கூட்டத்தில் மட்டும் கஷ்டமானது. பேச்சாளர் எதிரிகளை எச்சரித்துக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் இருமி நின்றது. வேங்கடேசன் மறுபடி கிளப்பியபோது மைக்கை விட்டுவிட்டு முதலில் பெட்டிக்கு ஒயர் கொடுத்தான். பேச்சாளர் கொஞ்ச நேரம் வாயை மட்டும் அசைத்து எச்சரித்தார். எதிரிகளுக்கு இதனால் நட்டமில்லை.

மார்கழி பிறக்கப் போகும் சமயம். திங்கட்கிழமை புதுச்சேரியில் எக்ஸ்ரே. கோடு மறைந்திருந்தால் தப்பித்தாள். மறையாவிட்டால் அன்றே ஆபரேஷனுக்குத் தேதி. செல்வி வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் இடுப்பெலும்பு என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்றிருந்தாள். தொம்மை ஒருமுறை இட்லிக்கு இடுப்பு என்று வாய் தவறிச் சொல்லித் திட்டு வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மழை. கரண்டு வந்தது. பெட்டியைச் செருகினாள். முடியப் போகும் நேரத்தில் போனது. மத்தியானம் மறுபடி வந்தது, மறுபடி போனது. வேங்கடேசனுக்கு அன்று ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் முன்னாள் மாணவர்கள் கூட்டம். அது முடிந்ததும் வேறோர் ஊரில் ஒரு சாவு வீடு. அங்கிருந்து போனுக்கு மேல் போன்.

மூன்று மணிக்கு மழை விட்டு, சாமியானா சொட்டிக்கொண்டிருந்தது. செல்வி மேடைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டியைச் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று மூன்று பேர் பேச வேண்டும், இரண்டு தடவை வைக்கலாம் என்று வேங்கடேசன் கணக்குப் போட்டான். மேடையில் பேசுவது காதில் விழுந்தது. ஒரே மாதிரி இருந்ததால் அவள் கண்ணயர்ந்தாள். தொம்மை டீ வாங்கப் போயிருந்தான்.

திரும்பி வந்தவன் பார்த்தால், பச்சை விளக்கு இல்லை. பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் ஒரு செல்போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. சிறப்பு விருந்தினராக வந்த ஒப்பந்தக்காரருடைய போன். அவருடைய உதவியாளர் இடம் தேடியிருக்கிறார், கிடைத்திருக்கிறது.

தொம்மை வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபப்பட்டான். எப்படிப்படுவது என்று தெரியாததால் போனைப் பிடுங்கி, துடைத்து, பத்திரமாக ஸ்டூலுக்குக் கீழே வைத்தான். பெட்டியைச் செருகினான். அதே நேரம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: அடுத்து நன்றியுரை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் லூர்து பிரகாஷ் அவர்கள். இரண்டே நிமிடத்தில்.

அந்த 'இரண்டே நிமிடத்தில்' என்பதை அறிவித்தவர் அழுத்திச் சொன்னார். ஊருக்கு அனுபவம் இருந்தது.

"அக்கா," என்றான் வேங்கடேசன். அவன் முகம் செத்துப்போயிருந்தது. "சாவூட்ல கத்திக்கினு கீறாங்க. மைக்கு நின்னா நானு கெளம்பியே ஆவணும். மைக்கு ஓடற வரிக்கும் ஓட்றேன். அதுக்கு மேல என்னால முடியாது."

செல்வி கையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். தொம்மை மேடையின் ஓரத்துக்கு ஓடினான்.

லூர்து பிரகாஷ் தொண்டையைச் செருமி, வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் நன்றி சொல்லியிருந்தார். இரண்டு நிமிட எல்லை அவரைப் புண்படுத்தியிருந்தது. தமக்குக் கொடுத்த நேரத்துக்குள் முடித்துக் காட்டி அவர்களை வெட்கப்படவைப்பது என்று முடிவு செய்திருந்தார். அப்போது பார்த்து மேடை விளிம்பிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"ணா. நிறுத்தாத."

அவர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டார். "இன்னாடா?"

"பேசிக்கினே இரு. நிறுத்தினா ஜெனரேட்டர நிறுத்திடுவான். செல்விக்கு இப்பத்தான் வெச்சிகீறோம். முதல்லேர்ந்து."

லூர்து பிரகாஷ் திரும்பிப் படுதாவின் இடைவெளியில் பார்த்தார். ஸ்டூலில் தம்பி மனைவி, மடியில் கை. அவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

பந்தல் போட்டவருக்கு நன்றி சொன்னார். நாற்காலி கொடுத்தவருக்கு, நாற்காலிகளின் தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நன்றி சொன்னார். மழைக்கு நன்றி, மழை விட்டதற்கு நன்றி. திருவக்கரைக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனதையும், மரம் கல்லான வரலாற்றையும், எந்தப் பிள்ளை பஸ்ஸில் வாந்தியெடுத்தது என்பதையும் சொன்னார். அப்புறம் நின்றுவிட்டார்.

முப்பது வருடமாகத் துண்டுச் சீட்டு அனுப்பியும், மணியடித்தும், வேட்டியைப் பிடித்து இழுத்தும் நிறுத்தப்பட்ட மனிதர். பேசு என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னதும் உள்ளே எதுவும் இல்லை. கூட்டம் எழுந்திருக்கத் தொடங்கியது. புளிசோற்றுப் பொட்டலங்கள் இருந்த பக்கம் நாலைந்து பேர் நகர்ந்தார்கள். அறிவிப்பாளர் மைக்கை வாங்க வந்தார். சாவு வீட்டிலிருந்து வேங்கடேசனுக்கு மறுபடி போன்.

லூர்து பிரகாஷின் கண் கூட்டத்தைத் துழாவியது. மூன்றாவது வரிசையில் ஒரு முகத்தில் நின்றது.

"பச்சைமுத்து. எந்திரி."

மார்க்கெட்டில் எவருக்கும் அடங்காத பச்சைமுத்து, பேரன் எடுத்தவன், சட்டென்று எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். ஏன் எழுந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு."

"சார்..."

"சொல்லுடா."

"ஒரு பதினாறு பதினாறு. இரு பதினாறு முப்பத்திரெண்டு." குரல் மெல்ல ஏறியது. ஆறு பதினாறு வரை வந்தான். ஏழில் நின்றான். எட்டாம் வகுப்பிலும் அங்கேதான் நின்று, அடி வாங்கி, படிப்பை விட்டவன். கூட்டம் அவனையே பார்த்தது. பொட்டலத்தின் பக்கம் போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் எடுத்துக்கொடுத்தது: நூத்திப் பன்னெண்டு. "நூத்திப் பன்னெண்டு," என்று கத்தினான் பச்சைமுத்து, பத்துப் பேர் சிரிப்போடு சேர்ந்து கத்தினார்கள். எட்டு பதினாறில் நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

பதினாறு முடிந்து பதினேழு. சாமியானாவில் தேங்கிய தண்ணீர் அதிர்ந்து கொட்டியது. பதினேழாம் வாய்ப்பாட்டில் சிறப்பு விருந்தினரை எழுப்பினார் லூர்து பிரகாஷ். ஒப்பந்தக்காரரும் அவரிடம் படித்தவர்தான். போன் எங்கே என்று சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து நின்று, மூன்றாவது வரியிலேயே தப்பு விட்டார். ஜனங்களுக்கு அந்த வருடத்தில் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடைத்திருக்காது. தப்பைத் திருத்தி ஒரே குரலில் முழங்கினார்கள். அறிவிப்பாளரும் மைக்கை மறந்து தாளம் போட்டார். படுதாவுக்குப் பின்னால் வேங்கடேசன் போனை நீட்டி, சாவு வீட்டுக்காரர்களுக்கும் பதினெட்டாம் வாய்ப்பாட்டைக் கேட்கவைத்தான். ஏதோ பெரிய பூசை நடக்கிறது, முடிந்ததும் வருகிறான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

பத்தொன்பதாம் வாய்ப்பாட்டின் நடுவில், இருபது நிமிடம் முடிந்து, பெட்டி கிய்யென்று கத்தியது. செல்வி இடது கையைத் தூக்கினாள். தொம்மை மேடையை நோக்கித் துண்டை ஆட்டினான்.

"போதும். உக்காருங்க," என்றார் லூர்து பிரகாஷ். "நன்றி."

கூட்டம் உட்காரவில்லை. கைதட்டியது. அவர் தாமே எடுத்துக்கொண்ட பாராட்டு விழாவில்கூட இப்படித் தட்டவில்லை. அவர் இரண்டு பக்கமும் பார்த்தார், வேறு யாருக்காவது தட்டுகிறார்களோ என்று.

மறுநாள் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். செல்வி படத்தைப் பார்க்காமல் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள்.

"கோடு மங்கியிருக்கும்மா. பாருங்க, இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு வெள்ளையா படர்ந்திருக்கு. எலும்பு சேருது. ஆபரேஷன் வேணாம்."

தொம்மை சிலுவை போட்டுக்கொண்டான். பெட்டிதான் செய்ததா என்று கேட்டான். பெட்டியா, உடம்பா, இரண்டுமா என்று தன்னால் சொல்ல முடியாது, சேர்ந்தது, அது போதும் என்றார் டாக்டரம்மா. தட்டு, டம்ளர் மாதிரி லேசானதைத் தூக்கலாம். துடுப்பெல்லாம் பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். செல்வி நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு நாளும் விடவில்லை, ஊர் ஊராகப் போய் வைத்தோம், நேற்றுத்தான் தப்பிப்பிழைத்தோம் என்று சொன்னாள்.

"அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேணாமே. ஒன்னு ரெண்டு நாள் விட்டுப்போனா ஒன்னும் ஆயிருக்காதும்மா."

தொம்மை பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்துப் பையின் வாயை மூடினான்.

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏரிகள் எல்லாம் நிரம்பி, ரோட்டோரம் வரைக்கும் தண்ணீர் பளபளத்தது. கொஞ்ச தூரம் போனதும் தொம்மையின் தோள் குலுங்கியது. சிரிக்கிறான்.

"ஒன்னும் ஆயிருக்காதாம். அந்த ஆளு பத்தொம்பதாம் வாய்ப்பாடு வரிக்கும் போனாரு. ஊட்டுக்கு போனதும் மொதல்ல அண்ணங்கிட்ட இத்த சொல்லணும்."

"சொல்லாத."

"ஏன்டி? எத்தினி வருசமா நம்மள போட்டு வதச்சாரு."

"அதுக்குத்தான் சொல்றேன். ஆயுசுல மொத தபா அவரு பேசி ஒருத்தருக்கு ஒபயோகம் ஆயிகீது. அத்த போயி கெடுக்காத."

மார்க்கெட் வாசலில் இறங்கியபோது மூட்டைக்காரர்கள் தார்ப்பாய்க்குக் கீழே கூடியிருந்தார்கள். வேங்கடேசன் இருந்தான். பச்சைமுத்து தானே அடுப்பைப் பற்றவைத்து, தானே துடுப்பைப் போட்டு, தொம்மையுடையதைவிட மோசமான ஒரு களியைக் கிண்டி வைத்திருந்தான். நடுவில், குடையை ஊன்றிக்கொண்டு, லூர்து பிரகாஷ். கேட்க வாயெடுத்து, கேட்கப் பயந்து நின்றார்.

"சேந்துக்கிச்சு மாமா," என்றாள் செல்வி. "நீங்க மட்டும் நேத்து நிறுத்தியிருந்தீங்க, அவ்ளோதான்."

அவர் ரோட்டைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். குடையைப் பச்சைமுத்துவிடம் கொடுத்தார். பிறகு எல்லாரும் ஒருமுறை தம்மைப் பார்க்கும்படி நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார்.

செல்வி அவசரமாக ஒரு தட்டில் களியைப் போட்டு, குழித்து, குழம்பை ஊற்றி, வலது கையால் அவரிடம் நீட்டினாள்.